வழுக்காத தரை வேண்டும்

பிரியதர்ஷினி, கும்பிட்டுக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்கும் வேண்டாம். நாளை ஊர்வலத்தின் முடிவில் நான் பேச வேண்டியது இது. "பொண்ணு மேடை ஏறுனா பையன் மேல இன்னொரு கேசு வரும்" என்று ஏட்டு அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் வராவிட்டால் நீ படி.

தலைமை தாங்கும் ஐயா காளியப்பன் அவர்களே, வெயிலில் நடந்து வந்த பெரியோர்களே, பயந்துகொண்டே வந்தாலும் வந்துவிட்ட தாய்மார்களே, நம்மைவிட அதிகமாகத் திரண்டு சிறப்பித்திருக்கும் காவலர்களே, நேரில் வர இயலாத நம்மூர்க் காவல் நிலையக் குளியலறையே, அனைவருக்கும் வணக்கம்.

என் அண்ணன் இத்ரீஸ் வெல்டிங் வேலை செய்பவன். ஒற்றைக் கம்பியில் நிற்பான்; வழுக்கியதில்லை. மழையில் தகரக் கூரைமேல் நடப்பான், வழுக்கியதில்லை. ராத்திரி மொரப்பூரில் ரயிலிறங்கி வந்தவனை ஊர் எல்லையில் காவலர்கள் நிறுத்தினார்கள்.

"எந்த ஊருடா?"

"இதே ஊருதானுங்க."

"பேரு?"

சொன்னான்.

"இந்தப் பேருக்கு இது எப்படிடா ஊராவும்? ஏறு வண்டியில."

விடிந்தபோது வலது கையில் மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்தானாம்.

எப்பேர்ப்பட்ட தரை அது, அவையோரே. ஆய்வாளர் நடந்தால் வழுக்காது. ஏட்டு நடந்தால் வழுக்காது. பெயரைக் கேட்கும், தெருவைக் கேட்கும், அதன் பிறகே வழுக்கும். சவுரியப்பன் மகனுக்கு வழுக்கியது. பச்சியப்பன் தம்பிக்கு வழுக்கியது. குடித்துவிட்டுக் காரை மோதிய முதலாளி மகன் உள்ளே போனான், டீ குடித்தான், வெளியே வந்தான். அன்று மட்டும் தரை காய்ந்திருந்ததா?

(இங்கே சிரிப்பார்கள். நீ சிரிக்காதே.)

அதனால்தான் நாம் கல்லை எடுக்கவில்லை, கம்பை எடுக்கவில்லை. பிளீச்சிங் பவுடரும் பிரஷும் எடுத்து வந்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் அக்கா கேட்டார்: "ஏம் பாப்பா, உள்ள போயி கழுவ உடுவாங்களா?"

"உட மாட்டாங்கக்கா."

"அப்பறம் எதுக்கு பிரஷு?"

"கழுவ வேணாம்னு சொன்னா, தரை வழுக்கலைன்னு அவங்களே சொல்ற மாதிரிதானேக்கா."

கொஞ்சம் யோசித்தார். "எனக்கு ரெண்டு பிரஷு குடு."

காவலர்களே, கதவைத் திறவுங்கள். நாங்கள் தேய்க்கிறோம். என் அண்ணனின் கை எழாது. அவனுக்கும் சேர்த்து நான் தேய்க்கிறேன். எந்தப் பெயருள்ள பிள்ளையும், எந்தத் தெருப் பிள்ளையும், உள்ளே நடந்து போனால் வெளியே நடந்து வரட்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

விடைபெறும் முன் ஒன்று. என் கால்கள் நன்றாக இருக்கின்றன. நான் வழுக்கி விழுகிறவள் அல்ல. இதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்

பிரியதர்ஷினி, கதவைத் தட்டுகிறார்கள். அம்மா "யாருங்க" என்கிறாள்.

"இத்ரீஸ் தங்கச்சி இருக்குதா? பேரு என்ன?"