‘அதனால்’ டீச்சர்

மேடையில் அமர்ந்திருக்கும் கல்வி அலுவலர் அவர்களே, பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த எங்கள் தலைமையாசிரியை அம்மையாரின் கணவர் அவர்களே, அவருடைய மகளே, என்னோடு இருபது வருடம் சாக்பீஸ் தூள் தின்ற சக ஆசிரியர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பழைய மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் கணக்கு வாத்தியார். ஐந்து நிமிடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அதைக் கடைப்பிடிக்கப் போவதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பேருந்துப் பணிமனைக்கும் அச்சுக்கூடங்களுக்கும் நடுவில் மூன்று மாடி, அறுநூறு பிள்ளைகள், மைதானம் என்ற பெயரில் ஒரு மொட்டை மாடி. இதுதான் நம் நடுநிலைப் பள்ளி. அம்மையார் இங்கே வந்த முதல் மாதம் என்ன செய்தார் தெரியுமா? வாசல் பலகையில் மாட்டியிருந்த முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் படங்களைக் கழற்றினார். அந்த இடத்தில், போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலாக வாங்கியவர்கள் பெயரை எழுதினார். பன்னிரண்டிலிருந்து இருபத்தொன்றுக்கு வந்த குழந்தையின் பெயர் முதலில்! அதுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டாலே தலையைக் குனிந்துகொண்ட பிள்ளை, அந்தப் பலகை முன்னால் நாள் முழுவதும் நின்றது.

ஒரு தகப்பனார் சண்டைக்கே வந்துவிட்டார். தொண்ணூற்றெட்டு வாங்கிய தன் மகன் பெயர் எங்கே என்று கேட்டார். அம்மையார் அவரை உட்கார வைத்துச் சொன்னார்: “போன மாசமும் தொண்ணூத்தெட்டுதாங்க வாங்கினான். இந்த மாசம் அவனுக்குப் புதுசா நாங்க என்ன சொல்லிக் கொடுத்தோம்? வெட்கப்பட வேண்டியது நாங்கதான்.” வந்தவர் வீட்டுக்குப் போனார். மறுவாரம் எனக்குத்தான் தலைவலி. அந்தப் பையனுக்குத் தனியாகக் கஷ்டமான கணக்குகள் தேட வேண்டியதாயிற்று.

அவரைப் பிள்ளைகள் ‘அதனால் டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள். ஏன் என்று வெளியார் கேட்பீர்கள். செவ்வாய்க்கிழமை தோறும் மூன்று நாற்பதுக்கு நூலக அறையில் ஆசிரியர் கூட்டம். காலுக்கு அட்டை மடித்து வைத்தும் ஆடுகிற மேசை. மேசை மேல் ஒரு கைமணி. ஒரு வாரத்துக்கு மூன்றே மூன்று பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேச வேண்டும். ஒரே ஒரு சட்டம்: ‘ஆனால்’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. ‘நல்ல பிள்ளைதான், ஆனால் படிக்க மாட்டான்’ என்று யாராவது ஆரம்பித்தால் மணி அடிப்பார். ‘அதனால்’ போட்டு வாக்கியத்தை முடிக்க வேண்டும். ‘பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை, அதனால் முன் வரிசையில் உட்கார வைக்கிறேன்.’ அவ்வளவுதான் சட்டம். ஜன்னலோரம் ஒட்டுக்கேட்ட பிள்ளைகள் வைத்த பெயர்தான் அது. கேட்க எவ்வளவு எளிது! ஒரே கூட்டத்தில் ஒன்பது முறை மணி வாங்கிய சாதனை யாருடையது? அடியேனுடையது.

அன்றைக்கு அந்த ஒன்பதாவது மணி எதற்கு என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். தினமும் தாமதம். பள்ளி எட்டு நாற்பதுக்கு, அவள் வருவது ஒன்பதரைக்கு. கணக்கில் பதினான்கு மதிப்பெண். கூட்டத்தில் நான் சொன்னேன்: “புத்திசாலிதான், ஆனா தினமும் லேட்டு.” மணி அடித்தது. திருத்திச் சொல்லச் சொன்னார். “புத்திசாலி, தினமும் லேட்டா வர்றா, அதனால...” என்று ஆரம்பித்தேன். அதனால் என்ன? எனக்கு அதற்கு மேல் வரவில்லை.

“அதனாலங்கிறதுக்கு அப்புறம் என்னன்னு உங்களுக்குத் தெரியல சார். போய்த் தெரிஞ்சுக்கிட்டு வாங்க” என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கணக்கு வாத்தியார் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதா? முணுமுணுத்துக்கொண்டே போனேன். நான்கு மாடி ஏறினேன். கதவைத் திறந்தவள் அந்தப் பெண்தான். இடுப்பில் இரண்டு வயதுத் தம்பி. உதட்டில் விரலை வைத்து, “அம்மா தூங்கறாங்க சார், மெதுவா பேசுங்க” என்றாள்.

அம்மாவுக்கு மருத்துவமனையில் இரவு முழுவதும் துப்புரவு வேலை. அவர் வீடு திரும்ப ஒன்பது மணி ஆகும். அதுவரை தம்பியை விட்டு அந்தப் பெண்ணால் நகர முடியாது. தாயார் வாசலில் கால் வைத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள், தினமும். ஏழாம் வகுப்பின் முதல் பாடவேளை எது? கணக்கு. ஐந்து மாதமாகக் கணக்கு வகுப்பையே பார்க்காத குழந்தைக்குக் கணக்கு வரவில்லை என்று எழுதி வைத்திருந்தவன் நான்!

மறுநாள் அம்மையாரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. பெரிய தாளை விரித்துப் பென்சிலோடு உட்கார்ந்தார். ஏழாம் வகுப்புக் கணக்கை மதியத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு வகுப்பில் ஒரு பாடத்தை நகர்த்தினால் பதினோரு ஆசிரியர்கள் நகர வேண்டும். ஒரு பிள்ளைக்காகவா என்று எல்லோரும் முகம் சுளித்தோம். உடற்பயிற்சி ஆசிரியர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. காலையில் மூளை தெளிவாக இருக்கும், முதல் பாடவேளை கணக்குக்கே உரியது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அவர் தன் ஓய்வு நேரத்தையெல்லாம் மற்றவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து, மூன்றாம் நாள் புதிய கால அட்டவணையை ஒட்டினார். பதினான்கு, இருபத்திரண்டு, முப்பத்தைந்து, ஆண்டு முடிவில் அறுபத்தொன்று. அந்தப் பெண்ணின் பெயர் நான்கு மாதம் பலகையை விட்டு இறங்கவில்லை. அவளோடு சேர்ந்து, காலையில் பால் போட்டுவிட்டும் பேப்பர் போட்டுவிட்டும் வந்துகொண்டிருந்த இன்னும் ஆறு பேர் கரையேறினார்கள். அவர்கள் தாமதத்தை நாங்கள் எண்ணக்கூட இல்லை.

அந்த ஆண்டின் கடைசி நாள் அவள் என்னிடம் வந்தாள். “பெரிய டீச்சர் சொன்னாங்க சார். எனக்காக டைம் டேபிள மாத்தறதுக்கு நீங்க பெரிய சண்டை போட்டீங்களாமே” என்றாள். கண் கலங்கி நின்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மையார் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

பிறகு கேட்டேன், ஏன் பொய் சொன்னீர்கள் என்று. “பொய் இல்ல சார். சண்டை போட்டீங்கல்ல? எந்தப் பக்கம்னு நான் சொல்லல” என்றார். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைச் சுட்டது. “இன்னும் ஒரு வருஷம் உங்ககிட்ட படிக்கணும் அவ. நீங்க அவ பக்கம்னு நம்பினாத்தான் அவளுக்குக் கணக்கு வரும்.”

பெரியோர்களே! அந்தப் பெண் இன்று இந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் தன் தாயாரோடு உட்கார்ந்திருக்கிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பன்னிரண்டு வருடமாக, பள்ளி திறக்கிற முதல் நாள் எனக்குத் தொலைபேசியில் நன்றி சொல்கிறாள். பன்னிரண்டு வருடமாக நானும் கூசாமல் வாங்கிக்கொள்கிறேன். எழுந்திருக்காதேம்மா, உட்கார். முழுவதும் கேள்.

உனக்காக நான் சண்டை போடவில்லை. உனக்கு எதிராகப் போட்டேன். உன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, தினமும் தாமதம் என்று உன் பெயரைப் பள்ளியிலிருந்து நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். அம்மையார் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, உன்னிடம் என்னை நல்லவன் என்று சொன்னார். நீ நம்பினாய். நீ நம்பியதால், அந்த வகுப்பில் உன் முன்னால் நான் நல்லவனாக நடந்துகொள்ள வேண்டி வந்தது. அவர் கரையேற்றியது ஏழு பிள்ளைகளை என்று சொன்னேன். என்னையும் சேர்த்து எட்டு. இத்தனை வருடம் நீ சொன்ன நன்றி அத்தனையும் அவருக்கு உரியது. அவர் படத்துக்கு முன்னால் அதை இன்று ஒப்படைக்கிறேன். என்னை மன்னித்துக்கொள்.

நண்பர்களே, அவர் படுக்கையில் இருந்த ஆறு வாரமும் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. ஆறே வாரத்தில் நான் பழையபடி ஆகிவிட்டேன். என் மேசை இழுப்பறையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை நீக்கச் சொல்லி எழுதிய கடிதம் கிடக்கிறது. போன வெள்ளிக்கிழமை எழுதினேன். அதைத் திருத்தவோ கிழிக்கவோ இப்போது மேலே யாரும் இல்லை. இருபது வருடத்தில் முதல் முறையாக எனக்குப் பயமாக இருக்கிறது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னோம். வார்த்தையைக் காற்றில் விட எனக்கு மனமில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று நாற்பதுக்கு நூலகத்தைத் திறந்து வைப்பேன், எல்லோரும் வாருங்கள். அதற்கு முன்னால், இந்தக் கூட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போகிறேன். அங்கே என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கதவைத் தட்டுவது வரை அம்மையார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.