கிஷ்மிஷுக்கு ஒரு சதுரம்

சின்ன நாய்களின் மூத்திரப்பை ஒரு வால்நட் கொட்டை அளவுதான் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் போய்விடும். காலையில் படிக்கட்டில் நீங்கள் உங்கள் குட்டியை அதட்டுவது கேட்டது. அதனால்தான் தேநீருக்குக் கூப்பிட்டேன். கரகண்டா நகரத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், கீழ்மாடியில் இருக்கிறீர்கள், இன்னும் நாம் பேசிக்கொள்ளவே இல்லையே. உட்காருங்கள். அம்மா தேநீர் கொண்டுவருவார்.

இதுதான் கிஷ்மிஷ். நீங்கள் உள்ளே வந்தபோது ஓடிவந்ததா? குரைத்ததா? கதவு திறந்தால் இப்போது நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அதோ மூலையில் பேட் இருக்கிறது. மேலே பஞ்சு, அடியில் பிளாஸ்டிக். மருந்துக்கடையில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு விற்கிறார்களே, அதேதான். தேவைப்படும்போது தானே எழுந்து போகும், முடித்துவிட்டுத் தானே வந்து படுத்துக்கொள்ளும். வெளியே கூட்டிப்போகும் வேலையே இல்லை.

பழக்குவது என் தொழில் என்றே சொல்லலாம். வங்கியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். நாயானாலும் ஆளானாலும் அடிப்படை ஒன்றுதான். போக வேண்டிய இடம் ஒன்றைத் தவிர மற்ற எல்லா இடங்களையும் கொஞ்சம் அசௌகரியமாக்கிவிட வேண்டும். பிறகு அதுவாகவே அந்த இடத்துக்குப் போகும். தானே விரும்பிப் போனதாகவும் நினைத்துக்கொள்ளும்.

கிஷ்மிஷை என் மகள் அலுவாவுக்காக வாங்கினோம். ஒரே வாரத்தில் அவளுக்குச் சலித்துவிட்டது. நாய் என் அம்மா குல்பாஷின் பொறுப்பாகிவிட்டது. இத்தனைக்கும் முதல் நாள் அம்மா இதைத் தொடவே இல்லை. "நாய் வாசலுக்கு வெளிய இருக்க வேண்டிய ஜீவன்டீ ஜனார். நாய் இருக்கிற வீட்டுக்குள்ள தேவதை வராது. இதை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?" என்று கேட்டார். மாதம் முடிவதற்குள் அது அவருடைய காலடியில்தான் தூங்கியது.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறார். நானும் என் கணவர் தௌலத்தும் வேலைக்குப் போய்விடுவோம். அலுவா, கைக்குழந்தை, சமையல், துணி எல்லாம் அம்மாதான். அம்மா இல்லாமல் இந்த வீடு ஒரு நாள்கூட ஓடாது. இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். அம்மாவிடம் மட்டும் சொன்னதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா கிஷ்மிஷைக் கூட்டிக்கொண்டு ஐந்து மாடி இறங்குவார், ஐந்து மாடி ஏறுவார். திரும்பி வரும்போது கன்னம் சிவந்திருக்கும். குளிர் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள், நாயைக் கூட்டிப்போவதற்கு முன் அம்மா கண்ணாடி முன் நின்று வெள்ளித் தோடு போட்டுக்கொள்வதைப் பார்த்தேன்.

அதற்கு முந்தின நாள் பனிப்புயல் அடித்திருந்தது. சமையலறை ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். முற்றம் முழுக்க வெள்ளை. பாப்லர் மரத்தடியில் மட்டும் பனியைச் சதுரமாக வெட்டி எடுத்து, தரை தெரிகிற மாதிரி யாரோ ஒரு இடம் செய்திருந்தார்கள். ஒரு பெரியவர் மண்வாரியின் முனையால் அதன் விளிம்பை நேராக்கிக்கொண்டிருந்தார். பனி கிஷ்மிஷின் தலைக்கு மேல் உயரம் இருந்தது. அம்மா வந்து அதைத் தூக்கி அந்தச் சதுரத்துக்குள் இறக்கிவிட்டார். அது காலைத் தூக்கியது. பெரியவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். அம்மா சிரித்தார். சத்தம் ஐந்தாம் மாடிக்குக் கேட்கவில்லை, தோள் குலுங்கியது தெரிந்தது. அப்பா இருந்த காலத்தில் அந்தத் தோள் அப்படிக் குலுங்கி நான் பார்த்ததில்லை.

அவர் பெயர் மெய்ராம். சுரங்கத்தில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. எதிர்க் கட்டடத்தில் தன் அக்கா நூர்பிகேயின் வீட்டில் குளிர்காலத்துக்காகத் தங்கியிருந்தார். நான் கேட்டபோது அம்மா மறைக்கவில்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னார்.

"வசந்தத்துல ஊர்ல இருக்கிற தன் வீட்டுக்குத் திரும்பிப் போறாராம். கூட வர்றியான்னு கேட்டார். என் மககிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன்."

"யோசிக்கலாம்மா," என்றேன். நெற்றியில் முத்தம்கூடக் கொடுத்தேன். மறுநாள் பேட் வாங்கினேன்.

"இது எதுக்குடீ?" என்று கேட்டார் அம்மா.

"உன் முட்டிக்காகத்தான்மா. படியெல்லாம் வழுக்குது."

"என் முட்டி என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

நீங்கள் முதலில் விரிப்புகளையெல்லாம் எடுத்துவிட வேண்டும். காலுக்கு மெத்தென்று எது பட்டாலும் நாய்க்கு அது பேட்தான். பிறகு இடத்தைச் சுருக்க வேண்டும். நான் கிஷ்மிஷை நடைவழியில் மட்டும் விட்டேன். பேட்டில் அதனுடைய வாசனை இருக்கும்படி அதன் மூத்திரத்தில் நனைந்த ஒரு துணுக்கு பஞ்சு வைத்தேன். வேகவைத்த மாட்டு இதயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பையில் வைத்துக்கொண்டேன். பேட்டில் போன அந்த நொடியே ஒரு துண்டு கொடுத்து, நல்ல பிள்ளை என்று சொல்ல வேண்டும். தாமதித்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குப் புரியாது. வேறு இடத்தில் போனால் அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அதை ஏமாற்றக் கூடாது. ஒரு தடவை வேலையைச் செய்து கூலி கிடைக்காவிட்டால் நம் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

விடுப்பு எடுத்தேன். அம்மாவுக்கு முன்னால் எழுந்துகொண்டேன். அம்மா தோடு போட்டு, கோட்டுப் பொத்தானெல்லாம் பூட்டி வரும்போது, "கிஷ்மிஷ் முடிச்சிடுச்சும்மா, நீ போய்ப் படுத்துக்கோ," என்பேன். அம்மா கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். நாய் கதவருகே முனகும். இரண்டாவது வாரம் முனகல் நின்றுவிட்டது.

நாய் இல்லாமல் போகலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நாயோடு நின்றால் அது நடைப்பயிற்சி. நாயில்லாமல் ஒரு விதவை முற்றத்தில் ஒரு ஆணோடு நின்றால் அதற்கு வேறு பெயர். கீழே பெஞ்சில் உட்காருகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருத்தியிடம், அம்மாவை நினைத்தால் கவலையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. அம்மாவின் காதுக்கு அது மறுநாளே வந்து சேர்ந்தது. கவலைப்படுவது குற்றமில்லையே.

ஆனாலும் பெரியவர் தினமும் சதுரத்தை வெட்டிவைத்தார். பனி விழ விழ வெட்டினார். நாய் வராத இடத்தை அவ்வளவு நேர்த்தியாக வைத்திருப்பது எனக்கு விவரங்கெட்டத்தனமாகப் பட்டது. பிறகு ஆள் அனுப்பிச் சொன்னார், அக்காவை அழைத்துக்கொண்டு தேநீருக்கு வருகிறேன் என்று. எதற்கு வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். வருகிறேன் என்பவரை வர வேண்டாம் என்று சொல்கிற குடும்பம் இல்லை எங்களுடையது.

இனி உங்களுக்குப் பயன்படுகிற ஒரு விஷயம். நாய் பழகிய பிறகு பேட்டை நகர்த்தலாம். ஒரே நாளில் இல்லை, ஒரு சாண், இரண்டு சாண். நடைவழியிலிருந்து இந்த அறைக்குக் கொண்டுவந்தேன். பிறகு சுவரோரமாக, அதோ, வாசலுக்கு நேர் எதிரே. நாங்கள் அதைத் தோர் என்போம். வீட்டுக்கு வருகிறவர்களில் மூத்தவரை அங்கேதான் உட்கார வைப்போம். ஹீட்டர் பக்கமாக இருந்தால் நாய்க்குக் கதகதப்பு என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் மனம் வேறெங்கோ இருந்தது. போர்சோக் மாவுருண்டை பொரிக்க எண்ணெய் போதுமா என்று கேட்டார். தன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சிவப்பு வெல்வெட் மெத்தையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார்.

விருந்து நாளன்று பேட்டைத் தூக்கி எறியவில்லை. அதை அங்கேயே விட்டு, மேலே அம்மாவின் சிவப்பு மெத்தையை விரித்தேன். கிஷ்மிஷுக்கு ஒரு கிண்ணம் எலும்பு சூப் கொடுத்து, நான் இறைச்சித் தட்டு பரிமாறும்வரை படுக்கையறையில் வைத்திருந்தேன்.

மெய்ராமைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர் எதற்கும் சிரிக்கிற ஆள். நூர்பிகே அக்காதான் தம்பியைத் தூக்கி வளர்த்தவர், ஐந்து வேளையும் தொழுகிறவர். நாயின் ஈரம் பட்ட துணியோடு தொழ முடியாது. அவர் வேண்டாம் என்றால் தம்பி செய்யமாட்டார். அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துத் தோரில் உட்கார வைத்தது நான்தான்.

பேச்சு நன்றாகவே போனது. அம்மா ஊற்றிய தேநீரை நூர்பிகே அக்கா பாராட்டினார். "என் தம்பி நாய்க்குக் கக்கூஸ் கட்டுறான்னு தெருவே சிரிச்சுது. கட்டின கை தனியா இருக்கக் கூடாதுன்னுதான் நான் வந்தேன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு தேநீர்க் கிண்ணத்தைத் துடைத்தார், ஏற்கனவே துடைத்த கிண்ணத்தை.

நான் படுக்கையறைக் கதவைத் திறந்தேன்.

கிஷ்மிஷ் நேராகப் போனது. மோந்து பார்த்தது, இரண்டு சுற்று சுற்றியது, நூர்பிகே அக்காவின் பாவாடை விரிந்து கிடந்த இடத்தில் காலைத் தூக்கியது. பிறகு, இதை நான் எதிர்பார்க்கவில்லை, அது அறையின் குறுக்கே நடந்து வந்து என் முன்னால் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தது.

பையில் இதயத் துண்டு இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நாயை ஏமாற்றக் கூடாது என்று உங்களிடம் சொன்னேன் இல்லையா. கொடுத்தேன். நல்ல பிள்ளை என்றும் சொல்லிவிட்டேன், வாய்க்குள்தான். தௌலத் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளவில்லை. அம்மா பார்த்தார்.

நூர்பிகே அக்கா கத்தவில்லை. எழுந்து, வெந்நீர் கேட்டார். மெய்ராம், "குட்டிதானே அக்கா, அதுக்கு என்ன தெரியும்," என்று சிரிக்கப் பார்த்தார்.

"நாய் தோர்ல ஏறுற வீட்டுல மனுஷங்க எங்க உட்காருறதுடா? எழுந்திரு."

வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொள்ள மெய்ராமுக்கு வெகுநேரம் ஆனது. அம்மாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், "நாளைக்கும் வெட்டி வைப்பேன், குல்பாஷ்." அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்மா மெத்தையை எடுத்தபோது அடியில் பேட் இருந்தது. அதை மடித்துக் குப்பையில் போட்டு, கையைக் கழுவி, மாவு பிசைய உட்கார்ந்தார். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"நீ இவ்வளவு தூரம் போயிட்டே. இனி நான் எங்கடீ போறது?" என்றார். அவ்வளவுதான். மாவைப் பிசைந்து முடித்தார். ரொட்டி எப்போதும்போல நன்றாகவே வந்தது.

சதுரம் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு காலையில் அதன் மேல் புதுப் பனி விழுந்திருந்தது, யாரும் அள்ளவில்லை. பனி உருகியதும் பெரியவர் ஊருக்குப் போய்விட்டார் என்று பெஞ்சுப் பெண்கள் சொன்னார்கள்.

நான் அம்மாவைக் கவனிக்காமல் விடவில்லை. ஆட்டுத்தோல் செருப்பு வாங்கி வந்தேன், உள்ளே கம்பளி வைத்தது, வீட்டுக்குள் போடுவது. அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா நடந்துக்கிட்டேனா?" என்று கேட்டார். அம்மாவுக்கு எப்போதும் கேலிப் பேச்சுதான். நாங்கள் இருவரும் சிரித்தோம். நான் சிரித்தேன்.

போன மே மாதம், மரமெல்லாம் துளிர்த்த சமயம், நானே கதவைத் திறந்துவைத்து, "ரெண்டு பேரும் கீழே போய்க் காற்று வாங்கிட்டு வாங்கம்மா," என்றேன். கிஷ்மிஷ் வாசற்படிவரை போய் மோந்து பார்த்தது. திரும்பி வந்து பேட்டில் போனது. அம்மா அதற்கு முன்பே சமையலறைக்குள் போயிருந்தார். வற்புறுத்தவில்லை நான். வற்புறுத்துவது என் முறையே அல்ல.

அடடா, அம்மா உங்கள் கிண்ணத்தை விளிம்புவரை ஊற்றிவிட்டார். தவறாக நினைக்காதீர்கள். எங்கள் வழக்கப்படி விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம், நிறைய ஊற்றினால் சீக்கிரம் கிளம்புங்கள் என்று அர்த்தம். அம்மாவுக்கு அதெல்லாம் மறந்துபோகிறது, வயதாகிவிட்டது. முந்தாநாள் தௌலத்தின் அத்தை வந்தபோது சரியாகத்தான் ஊற்றினார்.

அதற்குள் எழுந்துவிட்டீர்களே. சரி, வெறுங்கையோடு போகாதீர்கள். இந்தக் கழுத்துப்பட்டையையும் கயிற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல தோல், இன்னும் புதிதுபோல இருக்கிறது. இங்கே சும்மா தொங்குகிறது. எங்கள் வீட்டில் யாரையும் கட்டிப்போடுகிற வழக்கமில்லை.