இரண்டாவது உதை

ம்ம், ஆரம்பிச்சுட்டீங்களா. இல்ல இல்ல, நீங்க பாட்டுக்கு நில்லுங்க. கையப் பின்னால கட்டிக்கிட்டு, தலைய ஒரு பக்கமா சாய்ச்சு, கோயிலுக்குள்ள வந்த மாதிரி. இதுக்கு முன்னாடி வந்த பத்துப் பேரும் இதே எடத்துலதான் நின்னாங்க. அடுத்து குத்த வெச்சு உக்காருவீங்க. எஞ்சினுக்கு அடியில எட்டிப் பாப்பீங்க. அப்புறம் டேங்கப் பாத்து, இது கம்பெனியில அடிச்ச பெயிண்டாம்மான்னு கேப்பீங்க. கம்பெனிப் பெயிண்டுதான். அது மேல இருக்கிற துருவும் கம்பெனித் துருதான், போதுமா.

பேரு என்ன சொன்னீங்க? குவாபாரா சான். நகோயாலேர்ந்து ரயில்லயா வந்தீங்க. பழைய மோட்டார் சைக்கிள் நாலு வெச்சிருக்கிற மனுசன் ரயில்ல வர்றாரு, பாருங்க. வண்டியில வந்திருந்தா நாளைக்குத்தான் ஹமாமட்சு வந்து சேர்ந்திருப்பீங்க, அது உங்களுக்கே தெரியுது. பல் டாக்டர் இல்லையே நீங்க? தபால் ஆபீஸா. சரி, அதுவரைக்கும் நல்லது.

அது என்ன பையில? ஊதுபத்தியா. குடுங்க இப்படி. இல்ல தம்பி, உள்ள பூஜை மாடத்துக்கெல்லாம் போக வேணாம், அதுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. அந்த அலமாரியில ஏற்கெனவே பத்து டப்பா இருக்கு, நீங்க பதினொண்ணு. விளம்பரத்துல நான் போட்டது ஒரே வரிதான். ஓட்டினவர் இப்போது ஓட்டுவதில்லை, வண்டி விற்பனைக்கு. அவ்வளவுதான். அதப் படிச்சுட்டு நீங்கல்லாம் ஊதுபத்தியோட கறுப்பு டை கட்டிட்டு வர்றீங்க. வண்டியப் பாக்க வந்தீங்களா துக்கத்துக்கு வந்தீங்களான்னு ஒருத்தன் மூஞ்சியும் சொல்ல மாட்டேங்குது.

வெலையா? மொதல்ல கிளப்பிக் காட்டணும். உதைச்சுக் கிளப்பினாத்தான் வெலப் பேச்சு.

ஓ. கேள்விப்பட்டிருக்கீங்களா. என்ன சொல்றாங்க உங்காளுங்க? அந்தக் கிழவி கிளப்பச் சொல்லுவா, கிளப்பினதும் டீயக் குடுத்து அனுப்பிடுவா, விக்க மாட்டான்னா? அவங்க சொன்னது பொய்யில்ல. அது தெரிஞ்சும் ஞாயித்துக்கெழமைக் காலையில ரயிலேறி வந்திருக்கீங்களே, அதத்தான் தம்பி நான் கிறுக்குங்கிறேன்.

உக்காருங்க. அந்தப் பெட்டி மேல உக்காரலாம், ஆரஞ்சுப் பெட்டிதான். ஓடுற வண்டிக்கு அடியில யாராவது தட்டு வெப்பாங்களா? இதுக்கு வெக்கணும். அது நான் நல்ல கேக் வாங்கின தகர டப்பாவோட மூடி. எண்ணெய் சொட்டுது, ஒழுகுதுன்னு சொன்னா அந்த மனுசனுக்குக் கோவம் வரும். ஒழுகலையாம், மூச்சு விடுதாம். எங்க வீட்டுக் குழாய் ஒழுகினப்ப மட்டும் அது ஒழுகல்தான், மூச்சு இல்ல. அத மூணு மாசம் திரும்பிக்கூட பாக்கல.

உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல, இருந்தாலும் சொல்றேன். இந்த மிசாகா கம்பெனிக்காரன் அறுபத்து மூணுல இதச் செஞ்சான். அப்ப இந்த ஊர்ல இன்னிக்கு ரொட்டிக் கடை போடுற மாதிரி தெருவுக்கு ரெண்டு பேரு மோட்டார் சைக்கிள் செஞ்சுட்டிருந்தாங்க. மிசாகா ஆறே வருசத்துல கடைய மூடிட்டான். செஞ்சவனுக்கு இருந்த புத்தி வாங்கினவனுக்கு இல்ல. எங்க வீட்டுக்காரரு கல்யாணத்துக்கு முந்தியே இத வாங்கி வெச்சிருந்தாரு. எனக்கு மூத்தவ இது.

நானா? நான் பியானோ கம்பெனியில முப்பத்தோரு வருசம் தந்தி கட்டினேன். அதனால சொல்றேன், இதோட சத்தத்தப் பத்தி நீங்க யாரும் எனக்குச் சொல்ல வேணாம். இடது சிலிண்டர் வலதுக்கு அரை மூச்சு பின்னால வரும். கேட்டா அதுதான் அழகாம். எங்க கம்பெனியில ஒரு தந்தி அப்படிப் பின்னால வந்தா மேஸ்திரி ஏன்னு கேக்காம அறுத்துப் போட்டுடுவாரு.

உங்க ஊரு வண்டிச் சங்கம் மாதிரியேதான் இங்கயும் ஒரு சங்கம். பன்னெண்டு கிழவங்க. அறுவது கிலோ இருந்தப்ப வாங்கின தோல் சட்டைய எண்பது கிலோவுல மாட்டிக்கிட்டு கெளம்புவாங்க. ஏரியைச் சுத்தி வர ரெண்டு மணி நேரம் போதும். இவங்களுக்குப் பொழுது சாயும். நடுவுல ஆறு எடத்துல நிப்பாங்க, அதுல அஞ்சு எடத்துல எவனோ ஒருத்தன் வண்டி நின்னுருக்கும். அப்பப் பாக்கணும் இவங்க மூஞ்சிய. பந்தியில உக்கார்ற மாதிரி சுத்தி உக்காந்துக்குவாங்க. ஒருத்தன் ஸ்பானர் எடுப்பான், இன்னொருத்தன் அது இல்லம்பான், மூணாவது ஆளு சிகரெட்டப் பத்த வெச்சுட்டு நான் அப்பவே சொன்னேன்பான். பன்னெண்டு வண்டியும் ஒழுங்கா வீடு வந்து சேர்ந்த நாள்ல அந்த மனுசன் ராத்திரி சோறு எறங்காம உக்காந்திருப்பாரு. ஏங்க, என்ன ஆச்சுன்னா, ஒண்ணும் ஆகலம்பாரு.

சிரிங்க சிரிங்க. எம்பொண்ணு சினாட்சு பொறந்த அன்னிக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்கு இதோ வந்துட்டேன்னு போன் பண்ணவரு, அவ பொறந்து நாலு மணி நேரம் கழிச்சு வந்தாரு. முழங்கை வரைக்கும் கறுப்பு. நர்ஸம்மா குழந்தையத் தொட விடல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, என்னைப் பாத்து என்ன சொன்னாருன்னு நினைக்கிறீங்க? ஒரே உதையில கிளம்பிடுச்சு, அப்புறம்தான் நின்னுடுச்சுன்னாரு. பொண்ணா பையனான்னு கேக்கல.

ஒரே உதை. அதுல அவருக்கு அவ்வளவு திமிரு. பெட்ரோலத் தொறந்து, கார்ப்பரேட்டர்ல அந்தக் குமிழ அமுக்கி, வெரல் நனையிற வரைக்கும் காத்திருந்து, உதைக்கிற கம்பிய மெதுவா எறக்கி, எங்க கெட்டியாகுதோ அங்க நிறுத்தி, அப்புறம் ஒரே உதை. சங்கத்துல எவனாவது ரெண்டாவது தடவ உதைச்சா இவரு ஒண்ணும் பேச மாட்டாரு. உதட்டோட இடது ஓரம் மட்டும் லேசாக் கோணும், இப்படி. அவ்வளவுதான். அதுக்கு நாலு வசவு தேவல. எனக்கு அது நல்லாத் தெரியும் தம்பி. அம்பது வருசமா காலையில என் மிசோ சூப்பை ஒரு வாய் குடிச்சதும் அதே கோணல். பொண்ணு கட்டிக்கிட்டு வந்த மாப்பிள்ளையப் பாத்ததும் அதே கோணல். அந்தக் கோணலுக்காகவே ஒரு நாள் அந்தச் சூப்பைத் தலையில கவுத்துடலாமான்னு இருக்கும்.

கியர் வலது பக்கம், ஆமா. பிரேக் இடது பக்கம். நீங்க பாத்த உடனே கண்டுபிடிச்சுட்டீங்க, கெட்டிக்காரரு. உலகம் பூரா கியர இடது காலுக்கு மாத்தி அம்பது வருசம் ஆச்சு. இவங்க மட்டும் மாத்த மாட்டாங்க. அதுதான் அசல், மத்ததெல்லாம் பொம்மையாம். தொலைக்காட்சி பாக்கிறப்பகூட எதிர்ல கார் வந்தா இவரோட இடது கால் தானா தரைய அமுக்கும்.

அதான் ஆச்சு. ரெண்டு வருசம் முன்னாடி, இதே நவம்பர் மாசம். மிக்காபி பக்கத்துல ஆரஞ்சுத் தோட்டத்துக் கடையில டீக்கு நின்னிருக்காங்க. சங்கத்துல ஒரு பல் டாக்டர், இனோகுமான்னு பேரு, புது வண்டி ஒண்ணுல வந்திருக்கான். பாக்கப் பழசு மாதிரியே இருக்கும், உள்ள எல்லாம் புதுசு. கொஞ்சம் மாத்தி ஓட்டிப் பாப்போமான்னு கேட்டிருக்கான். நீங்க எல்லாரும் செய்யிறதுதானே, ஒருத்தன் பொண்டாட்டிய இன்னொருத்தன் கண்ணெடுத்துப் பாத்தா கொலையே விழும், வண்டிய மட்டும் மாத்தி மாத்தி ஓட்டுவீங்க. இவரு ஏறிப் போயிருக்காரு. ஒரு வளைவு. தோட்டத்துச் சந்துலேர்ந்து ஆரஞ்சு ஏத்தின சின்ன லாரி வெளிய வந்திருக்கு. இடது கால் பிரேக்க அமுக்கிச்சு. அந்த வண்டியில அங்க இருந்தது பிரேக் இல்லையே, கியராச்சே.

பெட்டி பெட்டியா ஆரஞ்சு ரோடெல்லாம் ஓடுச்சாம். லாரிக்காரனுக்கு ஒண்ணும் இல்ல. பல் டாக்டர் வண்டிக்கும் பெரிசா ஒண்ணும் இல்ல. போலீஸ்காரரு பதட்டத்துல கால் தப்பிப் போச்சுன்னு எழுதினாரு. நான் அவருகிட்ட சொன்னேன், ஐயா, அந்தக் கால் தப்பே பண்ணல. அம்பது வருசமா என்ன செஞ்சுதோ அதையே ஒழுங்காச் செஞ்சுச்சு. ஏறின வண்டிதான் தப்பு.

தலை குனியாதீங்க தம்பி. வண்டியப் பாருங்க, அதுக்குத்தான வந்தீங்க.

அப்புறம் சங்கத்துல மிச்சப் பதினோரு பேரும் முதல் மூணு மாசம் வந்தாங்க. அந்த இனோகுமா இதோ இந்தப் படியில உக்காந்து அழுவான். நான் டீ போட்டுக் குடுத்து, முதுகத் தட்டிக் குடுத்து, பல் டாக்டருக்கு நான் ஆறுதல் சொல்லணும். போதும்பா, யாரும் வராதீங்கன்னு சொல்லிட்டேன். சொன்னதும் நிம்மதியாப் போயிட்டாங்க. ஒருத்தனாவது திரும்பி வருவான்னு பாத்தேன். வண்டி நின்னா பொழுதுக்கும் பக்கத்துலயே உக்காருறவங்க, மனுசன் நின்னுட்டா தெறிச்சு ஓடிடுறாங்க.

போன வருசம் சினாட்சுதான் சொன்னா, அம்மா, இந்தக் கண்றாவியத் தூக்கிப் போட்டுட்டா அந்த எடத்துல சக்கர நாற்காலிக்குச் சரிவு கட்டலாம்னு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. பழைய இரும்பு எடுக்கிறவனக் கூட்டிட்டு வந்தா. அவன் சின்ன வயசுல இந்த மாதிரி ஒண்ணு பாத்திருக்கானாம். ஆசைக்கு ஒரு தடவ உதைச்சுப் பாக்கட்டுமான்னு கேட்டான். உதைச்சுக்கோ, எனக்கென்னன்னு மாடிக்குப் போயிட்டேன்.

ஆமா தம்பி, சக்கர நாற்காலி. யாருக்குன்னா கேக்குறீங்க? அவருக்குத்தான். அவரு மேலதான் இருக்காரு. அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம்.

நான் எங்க செத்துட்டாருன்னு சொன்னேன்? நீங்களாத்தான் ஊதுபத்தி வாங்கிட்டு வந்தீங்க. முன்னாடி வந்தவங்ககிட்ட இதச் சொன்னதில்ல. எதிர்த்த வீட்டம்மா வீட்டுக்காரரு நெசமாவே போயிட்டாரு, அந்தம்மாவுக்கு வேணும்கிறப்ப இதுல ஒரு டப்பா குடுப்பேன்.

பேச்சு இல்ல. கண்ணு தொறந்திருக்கும், பாக்குறாரா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. டாக்டர் ஒண்ணும் உறுதியாச் சொல்ல மாட்டேங்கிறாரு. ரெண்டு வருசமா தெனம் காதுகிட்டப் போய்ப் பேரச் சொல்லிக் கூப்புடுறேன், ஷிகேயாசு, ஷிகேயாசுன்னு. கல்யாணம் ஆகி ஒரு நாளும் பேரச் சொன்னவ இல்ல நான். ஒரு வெரல் அசையல. பேரப்பிள்ளையக் கொண்டு போய் மடியில வெச்சோம். அசையல. அன்னிக்கு அந்த இரும்புக்காரன் உதைச்சப்ப நான் அவரு வலது கையச் சுடுதண்ணித் துணியால தொடச்சுட்டு இருந்தேன். கீழ படபடன்னு கிளம்புச்சு. என் கைக்குள்ள அந்தக் கை திரும்புச்சு தம்பி. மெதுவா, இப்படி, உள்பக்கமா. ஆக்சிலேட்டரு. இடது சிலிண்டர் பின்தங்குதுல்ல, அதுக்குக் கொஞ்சம் திருகிக் குடுக்குறாரு.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. நான் கூப்பிட்டு வரல, பெத்தது கூப்பிட்டு வரல. இந்த ஒழுகல் இரும்புக்கு வர்றாரு.

சினாட்சு இந்தச் சத்தத்த செல்போன்ல பதிஞ்சு காதுகிட்ட வெச்சுப் பாத்தா. ஊஹூம். ஏமாறுற ஆளா. நானே ஒரு நாள் எறங்கி வந்து உதைச்சுப் பாத்தேன். நாப்பத்திரண்டு கிலோ, முட்டியில ஸ்டீல் வெச்சிருக்கு. கம்பி திருப்பி அடிச்சதுல கணுக்கால்ல ஆறு வாரம் கட்டு. அதுக்கப்புறம்தான் விளம்பரம். மாசத்துக்கு ஒருத்தர் வந்தாப் போதும். காசு குடுத்து ஒரு மெக்கானிக்கக் கூப்பிடலாம், உண்மதான். ஆனா அவன் கடமைக்கு உதைப்பான். உங்கள மாதிரி கிறுக்கன்தான் பக்கத்துலயே நின்னு, சூடாகி, சத்தம் சீராகிற வரைக்கும் விட மாட்டான்.

அழுதா அந்தப் பெட்டியோட வெளிய தள்ளிடுவேன், சொல்லிட்டேன். எந்திரிங்க. பெட்ரோல் அந்தக் கேன்ல இருக்கு, நேத்து வாங்கினது. பெட்ரோல் வால்வு அங்க, குமிழு எங்கன்னு உங்களுக்குத் தெரியும். நான் மேல போய் அவரு பக்கத்துல உக்காந்ததும் ஜன்னல்ல ஒரு துண்ட அசைப்பேன். அதப் பாத்துட்டு உதைங்க. அப்புறம் எறங்கி வந்து டீ தர்றேன். விக்க மாட்டேன், அதுதான் ஏற்கெனவே தெரியுமே உங்களுக்கு.

ஒண்ணே ஒண்ணு தம்பி. நீங்க கைதேர்ந்தவரு, ஒரே உதையில கிளப்பிடுவீங்க. வேணாம். போன மாசம் வந்த ஆளு சுத்த உதவாக்கரை. நாலு உதை உதைச்சான். ஒவ்வொண்ணுக்கும் அது இருமிட்டு நின்னுச்சு. மாடியில இருந்த எனக்கு எரிச்சலாப் போய் அவரு மூஞ்சியத் திரும்பிப் பாத்தேன்.

உதட்டோட இடது ஓரம் கோணியிருந்துச்சு.

அதனால மொதல் தடவ கொஞ்சம் தப்பா உதைங்க. முடிஞ்சா ரெண்டாவது தடவையும்.