கிராம்பு வாசனை

மீனுக்குச் சோம்பு சேரும், பட்டை சேராது. பூசணிக்காய்க்குக் கொஞ்சம் ஜாதிக்காய் துருவிப் போட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம். புதினாவை அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும். எங்கள் உணவகத்துக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் அண்ணியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அவள் என்னைக் கேட்டுத்தான் சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

நேற்று நீங்கள் அண்ணனை விசாரித்தபோது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன் சார். அவ்வளவு கெட்டிக்காரச் சமையல்காரிக்கு கேஸ் கசிந்தது எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டீர்கள். அண்ணன் அழுதுகொண்டே, "எனக்கும் புரியல சார். அவ மூக்கு மாதிரி யாருக்கும் வராது" என்றான். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் விபத்து என்று எழுதி முடித்திருப்பீர்கள், நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். செத்த பிறகும் அந்தப் பெயர் அவளுக்கே போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அது என் மூக்கு.

அண்ணி இந்த வீட்டுக்கு வரும் வரை கரண்டி என் கையில்தான் இருந்தது. அவள் வந்தாள், சிரித்தாள், எல்லாரையும் கைக்குள் போட்டுக்கொண்டாள். நான் மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கைப்பக்குவம் அவளுக்கு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பிறகு ஒரு காய்ச்சலில் படுத்தாள். எழுந்தபோது வாசனை போய்விட்டிருந்தது. கொத்தமல்லிக் கட்டை முகத்தில் வைத்துத் தேய்த்தாலும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே தெரிந்தால் தொழில் படுத்துவிடும் என்று அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீதான்டி எனக்கு மூக்கு" என்று அழுதாள்.

என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு பாத்திரத்தையும் திறந்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையசைத்தால்தான் தட்டு வெளியே போகும். எப்போதாவது மிதப்பு வந்து, என்னைக் கேட்காமல் ஜாதிக்காயை அள்ளிப் போட்டுவிடுவாள். அன்றைக்கு நான், "பிரமாதம் அண்ணி" என்பேன். தட்டுகள் வைத்தது வைத்தபடி திரும்பி வரும். மறுநாள் ஒழுங்காக என்னைக் கேட்பாள். பிள்ளைகளுக்குக்கூட இப்படித்தானே புத்தி வருகிறது.

ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, "எலுமிச்சை வாசனை வருதாடி?" என்றாள். என் கையில் எலுமிச்சைத் தோல் இருந்தது. கைத்துண்டுக்குள் சுருட்டிக்கொண்டேன்.

"இங்க ஏது அண்ணி எலுமிச்சை? ஏங்கி ஏங்கி உங்களுக்கு அப்படித் தோணுது."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. வீணாக ஆசை காட்டி மோசம் செய்யக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

ஆனால் அவள் என்னை நம்பவில்லை. தனியாகக் கிராம்பு வாங்கிவைத்து, எனக்குத் தெரியாமல் மோந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். போன வாரம் டப்பாவும் கையுமாக ஓடி வந்தாள்.

"தெரியுதுடி, கிராம்பு தெரியுது. மத்ததும் வந்துடும். இனிமே நீ எனக்கு மூக்கு இல்ல, வெறும் நாத்தனார்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். விளையாட்டுக்குச் சொன்னது என்பீர்கள். எனக்கு மறுபடியும் அந்த வெங்காய மூலைதான் கண்ணில் தெரிந்தது.

மூக்கு வந்துவிட்டது என்றால் அதைச் சோதித்துப் பார்ப்பதில் தப்பில்லை. அவள் கிராம்பை வைத்துச் சோதித்தாள். நான் அன்று காலையில் அவளுக்கு முன்னால் அடுப்படிக்குப் போய், ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பெரிய அடுப்பின் திருகைத் திறந்துவிட்டேன். பிறகு வெளியே வந்து கதவை ஒருக்களித்துவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து புதினா ஆய்ந்தேன்.

அண்ணி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். அடுப்படிக் கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"ஏன்டி, ஏதோ வாசனை வருதே. என்னது அது?"

அவளுக்கு வாசனை தெரிந்திருந்தது. அது என்ன வாசனை என்று தெரியவில்லை. பழையபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"கிராம்புதான் அண்ணி. நேத்து நீங்க வறுத்தது."

அவள் முகம் மலர்ந்ததைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். "பாத்தியா, வந்துடுச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். நான் பின்வாசல் வழியாகப் புதினாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடி தொட்டிகள் வரைக்கும் வந்து விழுந்தது.

திருகைத் திறந்தது நான். ஜன்னலைச் சாத்தியது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும் சார், அண்ணனுக்கும் படித்துக் காட்ட வேண்டும். மூக்கு வந்துவிட்டது என்று சொன்னவள், கடைசியில் என்னைத்தான் கேட்டாள். சாகும் வரைக்கும் அவளுக்கு நான் தேவைப்பட்டேன்.