காலியாக விட்ட கட்டம்

ஸ்வீடனின் உப்சாலாவில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பிற்பகல் மூன்று மணிக்குக் காபி. யாரும் தவறவிடுவதில்லை. நீங்கள் விசாரிக்கும் அந்த நாளிலும் இலவங்கப்பட்டை ரொட்டி நன்றாகவே இருந்தது.

நான் கண் அறுவை மருத்துவன். சேவல் கொண்டையிலிருந்து எடுக்கும் கூழைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நீளமான சர்க்கரை மூலக்கூறுச் சங்கிலி. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புரையை எடுக்கும்போது கண் அமுங்கிவிடாமல் அதை உள்ளே செலுத்துவோம், முடிந்ததும் கழுவி எடுப்போம். மிச்சமிருந்தால், கண்ணுக்குள் ஊறும் நீரோடு ஓரத்து வடிகால் வழியே தானாக வெளியேறும். ஒரு நாளில் சுவடு இருக்காது.

இதைப் பதினொரு நாட்களில் பதினொரு முயல்களின் கண்களில் அளந்தேன். காலை ஒன்பதுக்குச் செலுத்தினால், மறுநாள் காலை கண்ணழுத்தம் இயல்பாக இருக்கும். ஆறாவது மணிநேரக் கட்டம் மட்டும் அட்டவணையில் காலி. அது காபி நேரம் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். எங்கள் வேதியியலாளர் சிக்னேயைத் தவிர.

"ஏன் ஹோல்கர், மூணு மணிக்கு முயலும் காபி குடிக்கப் போயிடுச்சா?"

மேசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பதினொரு நாளும் நீ காபிக்கே வரலையே. என்னதான் பண்ணிட்டிருந்த?"

அன்றிலிருந்து அவள் கண் என் இழுப்பறை மேலேயே இருந்தது. பூட்டினேன். பூட்டையும் பார்த்தாள். அந்தக் கட்டம் நிரம்பியிருந்தால் கூழுக்கு அனுமதி கிடைத்திருக்காது. இருபது வருட உழைப்பு.

அவளுக்குப் பார்வை ஒரு கண்ணில்தான். அதிலும் நரம்பு நைந்து, புரையும் விழுந்திருந்தது. அறுவைக்கு என்னிடமே வந்தாள்.

"உன் அட்டவணை மேலதான் சந்தேகம், கை மேல இல்ல. கண்ணு தெரியட்டும், உன் முயல் கணக்கை நானே உக்காந்து பாக்கறேன்."

காலை ஒன்பது மணிக்கு அறுவை முடிந்தது. குறையில்லாத வேலை. கழுவி எடுக்கும் கட்டத்தில் மட்டும் கையை நிறுத்திக்கொண்டேன். கூடுதலாக நான் எதுவும் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு, காபி மேசையில் இருந்தபோது, வீட்டிலிருந்து அழைத்தாள்.

"கண்ணு வெடிச்சிடும் போல இருக்கு, ஹோல்கர். வாந்தி வேற. டாக்ஸி புடிச்சு வந்துடட்டுமா?"

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும். மாத்திரை போட்டுட்டுப் படு. காலையில வா, பாக்கலாம்."

காலையில் அழுத்தம் பதினேழு, இயல்பு. கூழ் துளியும் இல்லை, என் கட்டுரையில் உள்ளபடியே.

"லைட்டப் போடேன்" என்றாள் சிக்னே.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்த தாளில் இருப்பது என் கையெழுத்துதான். பதினொரு முயல்கள், மூன்று மணி அழுத்தம், எல்லாமே ஐம்பதுக்கு மேல்; கூழ் வடிகாலை அடைத்திருக்கும் நேரம், நைந்த நரம்பு தாங்காது. ஆகவே எனக்கு முன்பே தெரியும் என்கிறீர்கள். தெரியும். பிறகு ஏன் கிழித்துப் போடவில்லை என்கிறீர்கள். எடுத்த அளவை நான் ஒருநாளும் அழித்ததில்லை.

பன்னிரண்டாவது வரியையும் பாருங்கள். சிக்னே என்று எழுதி, மறுநாள் காலைக்கு நேரே பதினேழு என்று குறித்திருக்கிறேன். மூன்று மணிக் கட்டம் காலி. அளக்காத எண்ணை எழுதும் ஆள் நான் இல்லை.