தலைவர் வண்டியை ஓட்டி வந்தது யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் நம் சங்கத்தின் துணைத்தலைவர் பல் டாக்டர் அவர்களே, சட்ட ஆலோசகர் வக்கீல் அவர்களே, இந்தக் கூடத்தைப் பிடித்துக்கொடுத்த பேக்கரி அதிபர் அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் தலைவரின் துணைவியார், நம் அண்ணி அவர்களே, பழைய கார்களை வைத்துக்கொண்டு வீட்டில் தினமும் திட்டு வாங்கும் சக உறுப்பினர்களே, திட்டுகிற வீட்டாரே! உங்கள் அனைவருக்கும் செயலாளரின் வணக்கம்.

நம் தலைவர், நாமெல்லாம் பிரஸ்கார அண்ணன் என்று அழைத்தவர், ‘எஞ்சின் வேந்தர்’ என்று நாம் பட்டம் சூட்டியவர், மறைந்து மூன்று வாரம் ஆகிறது. அந்தப் பட்டத்தை நோட்டீசில் போடச் சொன்னபோது அவருடைய அச்சகத்தில்தான் அடிக்கக் கொடுத்தோம். அவரே எழுத்துக் கோர்த்தார். தேதியும் நேரமும் கட்டை விரல் பருமனில் வந்தன. பட்டத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மனிதர்!

மேசை மேல் இருக்கும் படத்தைப் பாருங்கள். முதுகு மட்டும்தான் தெரிகிறது. இருபத்திரண்டு வருடச் சங்கப் புகைப்படங்களை அலசிவிட்டேன், ஒன்றில்கூட முகம் இல்லை. எல்லாவற்றிலும் யாருடைய பானெட்டுக்குள்ளோ தலையை விட்டிருக்கிறார். அவர் முகத்தைவிட அவர் முதுகைத்தான் நமக்கு நன்றாகத் தெரியும், ஆகவே இதுவே இருக்கட்டும் என்று வைத்துவிட்டோம்.

அவர் செய்த சேவைகளைப் பேசத்தான் எழுந்தேன். பேசுகிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு அடுத்த வார்த்தை வராது. வாசலில் தலைவருடைய பச்சை வண்டி நிற்கிறதே, அதை ஓட்டி வந்தது யார்?

சிரிக்காதீர்கள். நான் முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைச் சோதனை போட்டவன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நாலரை மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், வண்டி நிற்கிறது. பானெட் மேல் கையை வைத்தேன், சுட்டது. யாரும் கட்டி இழுத்து வரவில்லை, தள்ளியும் வரவில்லை. தன் காலில் வந்திருக்கிறது! எப்படி வந்தது? அந்த வண்டியைக் கிளப்பத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தானே? அவரைத்தானே நாம் வழியனுப்பிவிட்டு வந்தோம்?

வந்திருக்கும் வெளியாட்களுக்காக விளக்குகிறேன். பழைய வண்டிக்குச் சாவி என்பது பேருக்குத்தான். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் எவனும் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். அதனால் எங்களில் ஒவ்வொருவரும் ஒரு ரகசிய சுவிட்ச் வைத்திருக்கிறோம். அதைப் போட்டால்தான் வண்டிக்கு உயிர் வரும். எங்கே இருக்கிறது என்பது சொந்தக்காரருக்கு மட்டுமே தெரியும். இதற்காகவே சங்கத்தில் ஒரு மரியாதை உண்டு. ஞாயிறு காலை அச்சகத்து வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒருவர் ஏறி உட்கார்ந்ததும் மற்றவர்கள் எல்லோரும் திரும்பி மதில் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். எஞ்சின் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பலாம். தெருவில் போகிறவர்கள், வளர்ந்த மனிதர்கள் ஏன் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள் என்று குழம்பிப்போவார்கள். அது எங்கள் கண்ணியம்.

அந்தக் கண்ணியத்தை நான் காப்பாற்றியதில்லை. இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரும்பி நின்றால் என் மூக்குக்கண்ணாடியின் ஓரத்தில் பின்னால் நடப்பது லேசாகத் தெரியும். பல் டாக்டருடைய சுவிட்ச் எங்கே, பேக்கரிக்காரருடையது எங்கே, எனக்குத் தெரியும். பதறாதீர்கள், சொல்லமாட்டேன். தலைவருடையது மட்டும் பிடிபடவே இல்லை. உட்காருவார், ஒரு தும்மல் போடுவார், வண்டி கிளம்பிவிடும்.

சரி, தலைவர் போய்விட்டார். சுவிட்ச் அவரோடு போய்விட்டது. அதன் பிறகு இந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது? துக்கம் விசாரிக்க யார் யார் எதைக் கொண்டு போனார்கள்? எனக்கு எல்லாம் தெரியும்.

பல் டாக்டர் போனார். அண்ணி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வருவதற்குள் ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டார். கையில் என்ன? நம் வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பாரே, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி, அது! அதை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டு வண்டிக்குச் சொத்தை பார்த்திருக்கிறார். பேக்கரிக்காரர் ஒரு பெட்டி நிறைய பன் கொண்டு போனார். அரை மணி நேரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பேட்டரி இறங்கிப்போகுமே, ஒரு எட்டுப் பார்த்துவிடட்டுமா என்று கேட்டார். வக்கீல் பேனாவைத் தவறவிட்டார். எங்கே? டிரைவர் சீட்டுக்கு அடியில். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவருடைய பேனா ஷெட்டுக்கு எப்படிப் போனது? நீங்களே சொல்லுங்கள்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. நானும் போனேன். நான்கு முறை போனேன். நினைவு மலருக்குப் படம் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். மலரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அந்த வண்டி யார் கைக்குப் போகும் என்பதுதான் கவலை. நம்மிடம் அதே மாதிரி வண்டிகள் இன்னும் மூன்று ஓடுகின்றன. மூன்றுக்கும் உதிரிபாகம் கிடைப்பதில்லை. ஒருவர் கதவை எடுப்பார், ஒருவர் கியர் பெட்டியை எடுப்பார், ஒரே மாதத்தில் பச்சை வண்டி காலி. நான் பயந்தது அதற்குத்தான். அது என் கைக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் வண்டியின் பெட்ரோல் பம்ப் பழுதாகி, இரண்டு மாதத்துக்கு முன் தலைவரிடம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் தருகிறேன் என்றார். வாரம் மூன்றானது, ஐந்தானது. கேட்கலாம் என்றால் வாய் வரவில்லை. மனதுக்குள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இவருடைய வண்டி மட்டும் போன மாதத்திலிருந்து இவ்வளவு அழகாக ஓடுகிறதே, எப்படி? நம் பம்பைக் கழற்றி மாட்டிக்கொண்டாரோ? யாரை நினைத்தேன் பாருங்கள்!

மழையில் பாலத்து நடுவில் என் வண்டி நின்றபோது, ஒரு வண்டி நின்றால் எல்லா வண்டியும் நிற்க வேண்டும் என்று சொல்லி ஏழு வண்டிகளையும் நிறுத்தியவர் அவர். பாலமே அடைத்துக்கொண்டது. பின்னால் லாரிக்காரன் அம்மா அப்பாவை எல்லாம் இழுத்துத் திட்டுகிறான், இவர் தண்ணீரில் மல்லாந்து படுத்துக்கொண்டு பத்தாம் நம்பர் ஸ்பானர் கேட்கிறார். நான் கோபத்தில் வண்டியை எட்டி உதைத்தேன். “அதை ஏம்ப்பா உதைக்கறே? என்ன வேணும்னு கேளு, அது சொல்லும்” என்றார். தண்ணீர் பம்பு ஒழுகாமல் அடைக்கும் காஸ்கெட் கிழிந்துபோனால் கடையில் கிடைக்காது. அச்சகத்தில் மிஞ்சிய தடித்த அட்டையை வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து அவரே செய்து தருவார். இந்த நிமிடமும் என் எஞ்சினுக்குள் முகம் தெரியாத யாரோ இரண்டு பேருடைய கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. ‘உற்றார் உறவினருடன் வருக’ என்று எழுதியிருக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் வருவதில்லை.

அவரைத்தான் சந்தேகப்பட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளும் போய்ப் பார்க்கவில்லை. போனால் பம்ப் பேச்சு வந்துவிடும் என்று நினைத்தேன். மூன்றாவது நாள் அவர் இல்லை.

இப்போது மறுபடியும் வாசலுக்கு வருகிறேன். வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். தலைவர் ஆறடி. சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளித்தான் உட்காருவார். இன்று அந்தச் சீட்டு ஒரு சாண் முன்னால் வந்திருக்கிறது. மேலே ஒரு குஷன். பின்னால் பார்க்கும் கண்ணாடி கீழ் நோக்கித் திரும்பியிருக்கிறது. ஓட்டி வந்தது குள்ளமான ஆள். நம் சங்கத்தில் குள்ளமான ஆள் யார்? டாக்டர், நீங்கள் ஏன் என்னை முறைக்கிறீர்கள்? ஷெட் சாவி எப்படிக் கிடைத்தது? சுவிட்சை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அந்தப் பல் கண்ணாடியாலா? இத்தனை பேர் முன்னால் சொல்லிவிடுங்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, நிம்மதியாக இருக்க வேண்டிய வயதில் தனியாக உட்கார்ந்திருக்கும் அண்ணியை ஏமாற்றி...

அண்ணி, ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், உங்களுக்காகத்தான் பேசுகிறேன். ஏதோ சொல்கிறார். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வேண்டாம் என்கிறார். பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? சரி, அண்ணி சொல்லச் சொல்ல நானே மைக்கில் திருப்பிச் சொல்கிறேன். சொல்லுங்கள் அண்ணி.

“டாக்டரை விட்டுடுங்க. வண்டிய நான்தான் ஓட்டிட்டு வந்தேன்” என்கிறார் அண்ணி.

அமைதி, அமைதி. சுவிட்ச் எங்கே என்று உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி? “எக்ஸ்சேஞ்சுல அத்தனை வருஷம் ஒயர் ஜாயின்ட் பண்ணவளுக்கு ஒரு சுவிட்ச் தெரியாதா? அதை மாட்டினதே நான்தான். அவருக்கு ஒயரிங் வராது.” அப்படிச் சொல்கிறார். இருபத்திரண்டு வருடமாக அவர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறோம். அண்ணி கதவைத் திறந்துவிடுவார், நாம் வணக்கம் சொல்லிவிட்டு வண்டியைப் பார்க்கப் போவோம். எக்ஸ்சேஞ்சில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டதில்லை. வாரத்தில் ஒரு நாள் பெட்ரோல் போட அண்ணிதான் வண்டியை எடுத்துப் போவாராம். நமக்குத் தெரியாது. இன்ஷூரன்ஸில் முப்பது வருடம் குப்பை கொட்டிய எனக்கும் தெரியாது.

இன்னும் சொல்கிறார். இருங்கள், இதையும் நான் சொல்லியே ஆக வேண்டுமா அண்ணி? சரி.

“எல்லாரும் வந்தீங்க. செயலாளரும் நாலு தடவை வந்தாரு. எல்லாரும் வண்டியப் பத்திக் கேட்டீங்க. பேட்டரியப் பத்திக் கேட்டீங்க. அவரு கடைசியா என்ன சொன்னாருன்னு ஒருத்தரும் கேக்கல.”

சொல்லிவிட்டேன், அண்ணி. பின்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போது கேட்கிறேன். தாமதமாகத்தான் கேட்கிறேன். இந்த மேடையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று பேருக்கும் சேர்த்துக் கேட்கிறேன். அண்ணன் கடைசியாக என்ன சொன்னார் அண்ணி?

பையைத் திறக்கிறார். ஏதோ பொட்டலம். மேடைக்கு வருகிறார், வழிவிடுங்கள். அச்சகத்துக் காகிதம். உள்ளே... என் பம்ப். மேலே துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. தேதியைப் படிக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள்.

அண்ணி சொன்னதைச் சொல்கிறேன். “செயலாளருக்கு பம்ப் ரெடின்னு சொல்லிடு. லேட்டாயிடுச்சு, பாவம், வண்டி இல்லாம பஸ்ஸுல அலையறான். இந்நேரம் என்னைச் சந்தேகப்பட ஆரம்பிச்சிருப்பான், தப்பா எடுத்துக்காதே.” இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாராம். அதுதான் கடைசி.

“கேட்டிருந்தா முதல் நாளே கொடுத்திருப்பேன்” என்கிறார் அண்ணி. நான் கேட்கவில்லை. நான்கு முறை போயும் கேட்கவில்லை. ஷெட்டுக்குள் போய்ப் பானெட்டைத் திறந்து, என் பம்ப் அங்கே மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். அண்ணி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அன்பர்களே, தீர்மானம் என்று நீளமாக ஒன்று எழுதி வைத்திருந்தேன். மடித்துப் பைக்குள் போட்டுவிட்டேன். ஒரு வண்டி நின்றால் எல்லா வண்டியும் நிற்கும் என்பதை விடமாட்டோம். அட்டையை வெட்டிக் காஸ்கெட் செய்ய நான் கற்றுக்கொள்கிறேன், முதல் பத்து ஒழுகும், திட்டாதீர்கள். பச்சை வண்டியை யாரும் தொடக்கூடாது. அது அண்ணியுடையது. சங்க விதிப்படி, வண்டி வைத்திருந்து அதைத் தன் கையால் கிளப்புகிறவர் உறுப்பினர். வக்கீல் சார் தலையாட்டுகிறார். ஆகவே ஞாயிறு காலை வரிசையில் முதல் வண்டி வழக்கம் போல அதுதான். மனதில் ஏதாவது சந்தேகம் வந்தால் நேராகப் போய்க் கேட்பது என்று நான் மட்டும் தனியாக ஒரு உறுதி எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் உங்கள் இஷ்டம்.

கடைசியாக ஒரு நிமிட மௌனம். அதை இங்கே வேண்டாம், வாசலில் அனுசரிப்போம். எல்லோரும் மெதுவாக எழுந்து வெளியே வாருங்கள், அண்ணி வீட்டுக்குக் கிளம்பப் போகிறார். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், வெளியாட்களும் சேர்ந்து, எல்லோரும் திரும்பி மதில் சுவரைப் பார்த்து நில்லுங்கள். எஞ்சின் சத்தம் வரும் வரைக்கும் யாரும் திரும்பக்கூடாது. டாக்டர், அந்தக் குட்டிக் கண்ணாடியைக் கூடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நான் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். இதோ, மேசை மேல், அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். அண்ணி, வாருங்கள். யாராவது என் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிடுங்கள், எனக்குக் கண் தெரியவில்லை.