ஒரே வரியாக்கினேன்

எதையும் நீட்டி முழக்குவது எனக்குப் பிடிக்காது, சார். இந்தத் தீவில் சாத்தம் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேலை எளிதுதான். வானிலை அறிக்கை மின்னஞ்சலில் வரும். ஒரு ஸ்கிரிப்ட் அதைப் படித்து, எந்தக் கடல் பகுதிக்கு எச்சரிக்கை என்று பிரித்து, அங்கே போகும் மீனவர்களின் போனுக்குச் செய்தி அனுப்பும். அதை எழுதியவள் என்னோடு வேலை பார்த்த சங்கவி. பக்கம் பக்கமாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் தமிழில் விளக்கம் வேறு வைத்திருந்தாள். புதிதாக வருகிறவருக்கும் புரியும். எல்லாரும் மெச்சினார்கள். நான் அதை ஒரே வரியாக்கினேன்.

"அரே சிவபிரகாஷ் அண்ணா, ஏரியா பேரு நீளமா இருந்தா அடுத்த வரிக்குப் போயிடும். அத சேர்க்கிற இடத்தையே காணோமே. சோட்டாவா சுருக்கினா மட்டும் போதுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"அதுவும் இதுக்குள்ளயே இருக்கு. உனக்குப் படிக்கத் தெரியல," என்றேன்.

இல்லை. அவள் வீட்டுக்குப் போனபின் சோதித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. திருத்தினால் வரி நீண்டுவிடும். அவளிடம் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அப்படியே விட்டேன்.

புயல் எச்சரிக்கை வந்த அன்று அவள் விடுப்பு. அறிக்கையில் மேற்குக் கரைப் பகுதியின் நீளமான பெயர் அடுத்த வரிக்குப் போயிருந்தது; அங்கே ஒரு செய்தியும் போகாததைத் திரையில் பார்த்தேன். அவள் கணவன் தேவேந்திரன் டிங்கிப் படகில் மீன்பிடிக்க அங்கேதான் போவான், மதியத்துக்கு மேல். அவன் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டால், செய்தி ஏன் தானாகப் போகவில்லை என்று கேள்வி வரும். காற்று திசை மாறலாம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

டிங்கி மட்டும் கரை ஒதுங்கியது.

காரியமெல்லாம் முடிந்து சங்கவி அலுவலகம் வந்தாள். என் வரியையே வெகுநேரம் பார்த்தாள். சேர்க்கிற இடம் அதற்குள்ளேயே இருக்கிறது என்று நான் அன்று சொன்னதை நம்பியிருந்தாள்; அவளுக்குப் பிடிபடவில்லை.

"மெசேஜ் எதுவும் வரல, தைரியமா போங்கன்னு நான்தாண்ணா சொல்லி அனுப்பினேன். நான் எழுதினதுலயே தப்பு இருந்துச்சா?"

அவளுடைய பழைய ஸ்கிரிப்ட்டை அதற்குள் அழித்துவிட்டிருந்தேன்.

"இருந்திருக்கும்மா. உன்னோடதைத்தானே நான் சுருக்கினேன்," என்றேன்.

தலையாட்டினாள். அழக்கூட இல்லை. அதன்பிறகு வேலைக்கு வரவில்லை. யாரிடமும் பேசுவதுமில்லையாம்.

தேவேந்திரன் செத்தது என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள். சங்கவிக்கு மட்டும் தெரிய வேண்டாம், சார். தெரிந்தால் மனசு ஒடிந்துபோவாள். அவள்மேல் எனக்கு எப்போதுமே அக்கறை உண்டு.